முக்காலியா, ட்ரோனா: நிலத்தை எங்கே நின்று அளப்பது?

1802 ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயமலை வரை நீண்ட மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே தொடக்கம். 1808இல் அவருடைய குழு தஞ்சைச் சமவெளிக்கு வந்தபோது ஒரு தடங்கல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குன்று கிடையாது. தோப்புகள் வேறு பார்வையை மறைத்தன. உயரமாக இருந்தவை கோயில்கள்தாம். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் கோண வட்டமே நெளிந்துபோயிற்று. லாம்டன் தானே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை நிமிர்த்தி எடுத்தார்.

அவ்வளவு பாடும் பார்வைக்காகத்தான் பட்டார்கள். எத்தனை நுட்பமான கருவியாக இருந்தாலும் எதிரே இருப்பது தெரிந்தால்தானே அளக்க முடியும். இன்று முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனரா, பறந்து படமெடுக்கும் ட்ரோனா என்று நடக்கும் வாதத்தையும் இந்த இடத்திலிருந்து பார்ப்பதே நல்லது. சர்வே அலுவலகங்களிலும் டெண்டர் கூட்டங்களிலும் ‘எது துல்லியம்?’ என்றுதான் பேச்சு தொடங்குகிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு என்று படும். அளக்க வேண்டிய நிலம் எங்கிருந்து பார்த்தால் தெரியும்? கிடைத்த அளவு சரி என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்?

அளப்பதும் கணிப்பதும்

முக்காலி ஸ்கேனரின் தத்துவம் எளிது. கருவி ஓர் ஒளித் துடிப்பை அனுப்பும். அது பாறையிலோ மண்ணிலோ பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. ஓடுகிறது. போகவும் வரவும் என்பதால், நேரக் கணக்கில் ஒரு நானோ விநாடி பிசகினால் தூரத்தில் 15 செ.மீ. பிசகும். மில்லிமீட்டர் நுட்பம் வேண்டுமென்றால் சுமார் ஏழு பிகோ விநாடியைப் பிரித்தறிய வேண்டும். இதை விநாடிக்கு லட்சக்கணக்கான முறை, எல்லாத் திசையிலும் செய்தால் கிடைப்பது புள்ளித்திரள்.

மொசூலில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த பென் கசீரா 1993இல் தொடங்கிய சைரா நிறுவனம்தான் இந்த வகைக் கருவியை 1990களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001இல் லைக்கா நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட பிறகு, உலகப் பாரம்பரியச் சின்னங்களை லேசரில் பதிவுசெய்து வைப்பதற்காக 2003இல் சைஆர்க் என்ற அமைப்பை நிறுவியவரும் இதே கசீராதான். இன்று கருவிகள் பலவிதம். அறுபது மீட்டர் வரை மட்டும் பார்க்கும் ஒரு கிலோ எடைக் கருவியும் உண்டு; பனிமலைகளுக்கென்றே செய்யப்பட்ட, ஆறு கி.மீ. வரை எட்டும் ரீகல் விஇசட்-6000 போன்றவையும் உண்டு.

புகைப்படத்தில் தூரம் என்ற அளவே கிடையாது. ஒரே இடத்தை வெவ்வேறு நிலைகளிலிருந்து எடுத்த படங்களில் அந்த இடம் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். யோசனை பழையது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர், மேலிருந்து விழப்போய் மயிரிழையில் தப்பினார். ஏறி அளப்பதைவிடப் படமெடுத்து அளக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் பிறந்தது. ஆனால் அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் அந்தக் கலைக்கு விலை உயர்ந்த அளவைக் கேமராவும், விமானமும், பயிற்சி பெற்ற ஆட்களும் தேவைப்பட்டன.

அந்தச் சுவரைத் தகர்த்தவர்கள் நில அளவைக்காரர்கள் இல்லை. கணினிப் பார்வை ஆய்வாளர்கள். நகரும் பார்வையிலிருந்து வடிவத்தை மீட்கலாம் என்று 1979இல் ஷிமோன் உல்மன் காட்டினார். பல படங்களில் ஒரே புள்ளியைக் கணினி தானாக அடையாளம் காணும் வழியை 1999இல் டேவிட் லோவ் தந்தார். 2006இல் நோவா ஸ்னேவ்லியும் அவருடைய சகாக்களும், யார் யாரோ எடுத்து இணையத்தில் போட்ட சுற்றுலாப் படங்களைக் கொண்டே கட்டடங்களின் முப்பரிமாண வடிவத்தை உருவாக்கினார்கள். அதன்பின் மென்பொருள்கள் வந்தன, ட்ரோன் மலிவானது. 2012இல் வெஸ்டோபியும் சகாக்களும் இந்த முறையை நிலவியலுக்கு ஏற்ற மலிவான, பயனுள்ள கருவி என்று எழுதிய கட்டுரை, வேல்ஸ் கடற்கரைக் குன்று ஒன்றில் லேசர் ஸ்கேனரோடு ஒப்பிட்டுப் பார்த்து, உயரத்தில் பத்து சென்டிமீட்டர் என்ற வரிசையில் துல்லியம் கிடைக்கும் என்றது. அதன் பிறகு ஒப்பீட்டுக் கட்டுரைகள் வெள்ளமாக வந்தன.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். லேசர் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே அளக்கிறது. ட்ரோன் படத்தில் கேமரா நின்ற இடம், அதன் சாய்வு, லென்ஸின் கோணல், நிலத்தின் வடிவம் ஆகிய எல்லாவற்றையும் கணினி ஒரே மூச்சில் சேர்த்துத் தீர்க்கிறது. அதனால் லேசரின் பிழை பெரும்பாலும் புள்ளிக்குப் புள்ளி சிதறும். படத்தின் பிழை நிலம் முழுவதையும் அழகாக, சீராக வளைத்துவிடும். சிதறல் கண்ணுக்குத் தெரியும், வளைவு தெரியாது.

வரப்பின் நிழல்

தட்டையான வயலில் 1.8 மீட்டர் உயரத்தில் ஸ்கேனரை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தள்ளித் தரையில் படும் கற்றையின் சாய்வு 2 டிகிரிதான். அந்தத் தூரத்தில் 2 செ.மீ. அகலமுள்ள கற்றை, தரையில் அரை மீட்டருக்கு மேல் நீண்ட பட்டையாகப் படியும். அந்தப் பட்டையில் எந்த இடத்தின் தூரத்தைக் கருவி சொல்கிறது? அதுவே நிச்சயமில்லை. அங்கே 20 செ.மீ. உயர வரப்பு ஒன்று குறுக்கே இருந்தால் அதற்குப் பின்னால் ஆறு மீட்டருக்கு மேல் நிழல் விழும். அந்த நிழலில் ஒரு புள்ளிகூட விழாது. விளம்பரத் தாளில் 5 மி.மீ. என்று போட்டிருப்பது பொய்யில்லை. நேராகப் பட்டால் 5 மி.மீ.; படுத்த தரையில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

பரிகாரம், முக்காலியை நகர்த்தி நகர்த்தி வைப்பது. நூறு மீட்டருக்கு ஒரு நிலையம் என்றால் ஒரு சதுர கி.மீ.க்கு நூறு நிலையங்கள். நிலையத்துக்குக் கால் மணி நேரம் என்றாலும் ஸ்கேன் செய்ய மட்டும் 25 மணி நேரம். கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பது, இலக்குப் பலகைகளை மாற்றி நடுவது, பிறகு நூறு ஸ்கேன்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைப்பது எல்லாம் தனி. ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் பிழை சேரும்.

அதே சதுர கி.மீ.ஐ ட்ரோனில் பார்ப்போம். 20 மெகாபிக்சல் கேமராவுள்ள, பரவலாகப் புழங்கும் ஃபேன்டம் 4 ஆர்.டி.கே. 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு பிக்சல் தரையில் 2.7 செ.மீ.; ஒரு படம் ஏறத்தாழ 150க்கு 100 மீட்டர். முன்பின்னாக 80 சதவீதமும் பக்கவாட்டில் 70 சதவீதமும் ஓவர்லாப் வைத்தால் 22 பறப்புக் கோடுகள், சுமார் 1,100 படங்கள். மூன்று நான்கு பேட்டரியில் காலை வேலை முடிந்துவிடும். கணினி ஓர் இரவு ஓடும். திறந்த வெளி, ஏரிப்படுகை, குவாரித் தளம், ஆற்று மணல் திட்டு இவற்றில் முக்காலி போட்டிக்கே வர முடியாது. இதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தரையை நிமிர்த்தி நிறுத்தினால் நியாயம் தலைகீழாகிவிடும். நேர்கீழே பார்க்கும் கேமராவுக்குச் செங்குத்துப் பாறை ஒரு கோடு மட்டுமே. பாறைக்கு எதிரே நிற்கும் லேசருக்கு அது விரித்து வைத்த தாள். கேட்டலோனியாவில் கஸ்தெல்ஃபோலித் என்ற ஊர் எரிமலைப் பாறை விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது; வீடுகளுக்குக் கீழே ஐம்பது மீட்டர் அளவுக்குச் செங்குத்துப் பாறை. அந்தோனியோ அபெயானும் சகாக்களும் அந்தப் பாறை முகத்தைத் திரும்பத் திரும்ப லேசரில் பதிவுசெய்தார்கள். தனித்தனிப் புள்ளிகளின் சிதறல் சென்டிமீட்டர் அளவில் இருந்தது. பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது மில்லிமீட்டர் அளவு அசைவு வெளிப்பட்டது. பெயர்ந்து விழுவதற்கு முன்பே பாறைத் துண்டு மெல்ல நகரத் தொடங்கியிருந்ததைக் கண்டுகொள்ள முடிந்தது. லேசரின் பிழை சிதறல் என்பதால்தான் இது சாத்தியம்: சிதறல் சராசரியில் கரையும், வளைவு கரையாது. இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயர் கடற்பாறைகளில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2005 வாக்கிலேயே கடற்கரையில் முக்காலி நிறுத்தி, மாதாமாதம் உதிரும் கற்களைக் கணக்கெடுத்ததும் இதே பலத்தில்தான்.

ட்ரோனைச் சாய்த்துப் பறக்கவிட்டு, பாறை முகத்துக்கு எதிரே மேலும் கீழுமாகப் படமெடுக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம், எடுக்கிறார்கள். எனினும் பாறை ஓரத்தில் காற்று சுழலும், செயற்கைக்கோள் சமிக்ஞை பாதி மறையும், இருப்பிடம் துல்லியமாக அளந்த அடையாளமான கட்டுப்பாட்டுப் புள்ளியை ஒட்டக் கயிறு கட்டி ஆள் இறங்க வேண்டும். வடிவத்தைப் பதிவுசெய்ய அது போதும். மில்லிமீட்டர் நகர்வைப் பிடிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு முக்காலிக்கே.

ஒப்பீடுகள் தரும் எண்கள்

டாஸ்மேனியாவின் மறைவான கடற்கரை ஒன்றில் ஹார்வினும் லூசியரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 50 மீட்டர் உயரத்தில் பறந்தபோது 2.5 முதல் 4 செ.மீ. துல்லியம் கிடைத்ததாகச் சொன்னது. அடுத்த ஆண்டு இத்தாலியின் ரவேன்னா மணல்மேடுகளில் மன்சினியும் சகாக்களும் செய்த ஒப்பீடு, உயர அளவில் ட்ரோன் படம் முக்காலி லேசருக்கு ஈடாக நிற்கிறது என்றது. ஸ்பெயினின் பிரனீஸ் பகுதி அரிமானப் பாழ்நிலத்தில் ஸ்மித்தும் வெரிகட்டும் 2015இல் செய்த ஆய்வு இவ்வளவு உற்சாகமாக இல்லை. சின்னப் பாத்தி அளவிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு வரை அளவை மாற்றி மாற்றிப் பார்த்த அவர்கள், தூரம் கூடக்கூடப் பிழை நேர்விகிதத்தில் கூடுவதைக் காட்டினார்கள். அப்போது வந்திருந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பிழைக்கும் தூரத்துக்குமான விகிதம் ஏறத்தாழ 1:640. அதாவது 100 மீட்டர் உயரத்துக்கு சுமார் 16 செ.மீ. தன் இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் அளவில் அறியும் இன்றைய ஆர்.டி.கே. ட்ரோனும், இயந்திர ஷட்டர் கேமராவும் இதைவிட நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் ‘இரண்டு சென்டிமீட்டர்’ என்று வாய் கூசாமல் சொல்லும் விற்பனையாளரிடம், எந்த உயரத்தில் என்று திருப்பிக் கேட்க இந்த விகிதம் உதவும்.

இந்த ஆய்வுகளில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. லேசர் அளவையே உண்மை என்று வைத்துக்கொண்டு, ட்ரோன் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மதிப்பெண் போடுகிறார்கள். படுத்த தரையில் லேசருக்கே தடுமாற்றம் என்று மேலே பார்த்தோம். அந்த இடத்தில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குற்றவாளி யார்? மூன்றாவது சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. டோட்டல் ஸ்டேஷனிலோ டி.ஜி.பி.எஸ்.ஸிலோ தனியே எடுத்த சரிபார்ப்புப் புள்ளிகள்தான் அந்தச் சாட்சி.

ஒப்பிடும் முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு நிலப்பரப்புகளின் வேறுபாட்டை மேலிருந்து கீழாக மட்டும் கழித்துப் பார்ப்பார்கள். செங்குத்தான இடத்தில் கிடைமட்டமாகச் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் உயரத்தில் மீட்டர் கணக்கில் வித்தியாசம் காட்டும். நியூசிலாந்தின் ரங்கிடிகை ஆற்றுப் பள்ளத்தாக்கை லேசரில் அளந்த டிமித்ரி லாக் குழுவினர் 2013இல் எம்3சி2 என்ற முறையைத் தந்தார்கள். அது பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையில் தூரத்தை எடுக்கும். கூடவே அந்த இடத்தில் எவ்வளவுக்குக் குறைவான மாற்றத்தை நம்பக் கூடாது என்பதையும் சொல்லும். கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளிலேயே அது இருக்கிறது. நம் ஊர் அறிக்கைகளில் இன்னும் பழைய கழித்தல் கணக்கையே பார்க்க நேர்வது வருத்தம்.

அப்பளமாக உப்பும் குவாரி

வளைவுக்கு வருவோம், ஏனென்றால் பணம் கைமாறுவது இங்கேதான்.

எல்லாப் படங்களும் நேர்கீழாக, ஒரே உயரத்தில் எடுக்கப்பட்டிருந்தால், லென்ஸின் கோணலையும் நிலத்தின் வளைவையும் கணினியால் பிரித்தறிய முடிவதில்லை. லென்ஸ் கணக்கில் நேரும் சின்னத் தவறு, நிலத்தை வறுத்த அப்பளம்போல நடுவே உப்பவைத்துவிடும், அல்லது குழியவைத்துவிடும். 2014இல் மைக் ஜேம்ஸும் ஸ்டூவர்ட் ராப்சனும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மருந்தும் சொன்னார்கள்: நேர்கீழ்ப் படங்களோடு சாய்ந்த கோணத்தில் எடுத்த படங்களையும் சேர்த்தால், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாத நிலையிலும் பிழையை நூறில் ஒரு பங்கு வரை குறைக்க முடியும். கூடுதலாகச் சில நிமிடம் பறந்தால் போதும். அதைச் செய்யாமல் விடுவது சோம்பல் என்பதைத் தவிர வேறென்ன?

ஒரு கணக்குப் போடலாம். 10 ஹெக்டேர் குவாரி. பரப்பு ஒரு லட்சம் சதுர மீட்டர். தளம் முழுவதும் சராசரியாக 10 செ.மீ. உப்பியிருந்தால் கன அளவில் வரும் பிழை 10,000 கன மீட்டர். நம் குவாரிக் கணக்கில், நூறு கன அடி ஒரு யூனிட் என்று வைத்தால், சுமார் 3,530 யூனிட். நான்கு யூனிட் லாரியில் ஏறத்தாழ 880 லோடு. அரசுக்குச் சேர வேண்டிய சீனியரேஜ் தொகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அவ்வளவுக்குப் போய்விடும். பத்து சென்டிமீட்டர் சிதறலாக இருந்திருந்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்று, கன அளவு ஏறக்குறையச் சரியாகவே வந்திருக்கும். ஒரே எண்ணில் சொல்லப்படும் ‘துல்லியம்’ இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிமப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டத் திட்டமுள்ள அல்லது 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள பெருங்கனிமச் சுரங்கங்கள் ட்ரோன் சர்வே செய்தாக வேண்டும். ஆண்டுக்காண்டு வரும் அந்தப் பரப்புகளைக் கழித்துத்தான் எவ்வளவு தோண்டினார்கள் என்று பார்க்கப் போகிறார்கள்.

உயரத்தில் இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. செயற்கைக்கோள் தரும் உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து எடுத்தது. நாம் புழங்குவது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. உலகிலேயே இந்த இரண்டுக்கும் இடைவெளி மிக ஆழமாக இறங்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடல். அங்கே அது நூறு மீட்டரையும் தாண்டும். தமிழகக் கடற்கரை ஒன்றில் எடுத்த உயரத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதினால், மணல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர் கீழே கிடப்பதாக வரும். அவ்வளவு பெரிய தவறு யார் கண்ணிலும் பட்டுவிடும். தவறான திருத்த மாதிரியால் வரும் அரை மீட்டர்தான் யார் கண்ணிலும் படாமல் மழைநீர் வடிகால் திட்டத்துக்குள் நுழைந்துவிடும். முக்காலி லேசரும் ஜி.பி.எஸ்.ஸோடு இணைக்கப்படுவதால் அதற்கும் விலக்கு இல்லை.

செடியும் மரமும் நீரும்

நிலத்தை மூடியிருப்பதைப் பற்றிப் பேசாமல் நில வரைபடம் பற்றிப் பேசுவது வீண். இலைகளுக்கிடையே ஓர் இடுக்கு இருந்தால் லேசர் கற்றை உள்ளே புகுந்து தரையைத் தொட்டுவிடும். படத்துக்கு அப்படி இல்லை. அதே தரைப் புள்ளி குறைந்தது இரண்டு படங்களில், நடைமுறையில் மூன்று நான்கில், தெரிய வேண்டும். அதாவது வெவ்வேறு கோணத்திலிருந்து பார்க்கும் இடுக்குகள் அத்தனையும் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். அடர்ந்த சீமைக்கருவேலத்தில் அது நடக்காது. ஏரியைத் தூர்வார மண் கணக்கெடுக்கப் போனால், ட்ரோன் முள்மரங்களின் தலையைத்தான் ஏரித்தரையாகக் கொண்டுவரும். முக்காலி லேசர் மரத்தடியில் நின்று பார்க்கும் என்றாலும் பத்து மீட்டருக்கு மேல் தண்டுகள் மறைத்துவிடும்.

காட்டைவிட ஏமாற்றுவது தேயிலைத் தோட்டம். காடு காடாகத் தெரிவதால் யாரும் அங்கே தரையைத் தேட மாட்டார்கள். கொழுந்து பறிக்கும் மட்டத்துக்குச் சீராக வெட்டிய தேயிலைப் புதர்கள் சரிவு முழுக்க ஒரே விரிப்பாகத் தெரியும். மென்பொருளின் வடிகட்டி அதையே தரை என்று எடுத்துக்கொள்ளும். சமஉயரக் கோடுகள் வழவழவென்று வரும்; அத்தனையும் முக்கால் மீட்டர் மேலே மிதக்கும். நீலகிரியிலோ வால்பாறையிலோ சரிவு வரைபடம் கையில் கிடைத்தால், முதலில் புதருக்கடியில் கோல் ஊன்றி எடுத்த புள்ளி எத்தனை என்று பாருங்கள்.

இத்தகைய இடங்களுக்கு உரியது மூன்றாவது வழி: ட்ரோனிலேயே லேசரைக் கட்டிப் பறக்கவிடும் ‘பறக்கும் லைடார்’. மேலிருந்து பார்ப்பதால் நிழல் குறைவு. ஒரே இடுக்கு போதும் என்பதால் தரையும் தெரியும். டி.ஜே.ஐ. 2020இல் கொண்டுவந்த எல்1 கருவிக்கு 50 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக 5 செ.மீ. என்று நிறுவனம் சொல்கிறது. முக்காலியின் நுட்பம் இதில் வராது. காட்டுச் சரிவுக்கு அந்த நுட்பம் தேவையும் இல்லை.

தண்ணீரில் இரண்டுமே திணறும். நில ஸ்கேனர்களின் அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும். தெளிந்த ஆழமற்ற நீரில் படம் அடித்தரையைக் காட்டினாலும் ஒளிவிலகலால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். திருத்திக் கணக்கிட வேண்டும். கலங்கல் நீரில் அதுவும் இல்லை. ஏரி, குளம் என்றால் சித்திரை வைகாசியில் வற்றிக் கிடக்கும்போது பறப்பதுதான் மலிவான தீர்வு.

நிலச்சரிவு மேட்டிலும் பனியாற்றிலும்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்த சரிவில், பெயர்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர் என்றும், சேறும் பாறையும் 8 கி.மீ. பாய்ந்ததென்றும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தது. இப்படிப்பட்ட இடத்தில் மேலே சொன்ன நியாயங்கள் எல்லாம் ஒன்றாகச் சந்திக்கின்றன. பாய்ந்த தடம் புதிதாய் உரிந்த வெறுந்தரை. அதில் ஆள் நடமாடுவதே ஆபத்து. அங்கே ட்ரோன் படத்துக்கு மாற்று இல்லை. சரிவின் உச்சியில் நிற்கும் செங்குத்து விளிம்பு இன்னும் நகர்கிறதா என்று பார்க்க எதிர்மலையில் நிறுத்திய நெடுந்தூர லேசர் வேண்டும். பக்கத்தில் இன்னும் சரியாத காட்டுச் சரிவுகளுக்குப் பறக்கும் லைடார் வேண்டும். இவை அனைத்தும் இருந்தாலும் எவ்வளவு மண் போயிற்று என்று சொல்ல, சரிவதற்கு முந்தைய நுட்பமான நிலவடிவம் கையில் இருக்க வேண்டும். மலைப்பகுதிக்கு 1 முதல் 3 மீட்டர், சமவெளிக்கு 25 செ.மீ. தரத்தில் உயர மாதிரியை நாடு முழுவதும் 2030க்குள் உருவாக்குவது 2022ஆம் ஆண்டு தேசிய புவிசார் கொள்கையின் இலக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை அந்த வரிசையில் முன்னால் வைப்பதற்கு வயநாட்டைவிட வேறு காரணம் தேவையில்லை.

கையில் தூக்கிப் போகக்கூடிய எடை என்பதும் ஓர் அளவைப் பண்புதான். நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் லிருங் பனியாற்றின் நாக்கு 4,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது, மேலெல்லாம் கற்குவியல். இம்மர்சீல் குழுவினர் 2013 மே மாதத்திலும் அக்டோபரிலும் அங்கே ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டு, அந்த ஒரு மழைக்காலத்தில் பனியாறு எவ்வளவு இறங்கிற்று என்று அளந்தார்கள். சராசரி இறக்கம் ஒரு மீட்டர் அளவே. பனிச் செங்குத்துகளும் மேலே தேங்கிய குட்டைகளும் உள்ள இடங்களில் அதைவிட எத்தனையோ மடங்கு. அங்கும் இங்குமாக நட்ட கோல்களால் காட்ட முடியாத விவரம் இது. முக்காலியோடு நின்றிருந்தால் கற்குவியல்களின் நிழலில் பாதி பனியாறு மறைந்திருக்கும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை முன்னனுமதி இன்றிப் பறக்கலாம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதற்குத் தடை. முக்காலிக்குப் பறப்பு அனுமதி வேண்டாம். ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதலின்படி, கிடைமட்டத்தில் ஒரு மீட்டரையும் உயரத்தில் மூன்று மீட்டரையும்விட நுட்பமான தரவை இந்திய நிறுவனங்கள்தாம் உருவாக்கலாம். அது நாட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். இது இரண்டு முறைகளுக்கும் பொருந்தும். விலையில் ட்ரோன் சில லட்சம், நல்ல ஸ்கேனர் பல பத்து லட்சம். விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தாம் தேயிலைப் புதரின் தலையைத் தரையென்று வாங்குகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. சில ஹெக்டேருக்கு மேற்பட்ட திறந்த நிலத்துக்கு ட்ரோன் படம், அதுவும் சாய்ந்த படங்களோடு. செங்குத்து முகம், குகை, பாலத்தின் அடிப்புறம், மில்லிமீட்டர் நகர்வு என்றால் முக்காலி லேசர். செடி மூடிய தரைக்கு இரண்டும் வேண்டாம், பறக்கும் லைடார். இந்த முறைகளில் இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒரே கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் இரண்டையும் கட்டுங்கள். இல்லாவிட்டால் சேரும் இடத்தில் படிக்கட்டு விழும். டெண்டரில் ‘5 செ.மீ. துல்லியம்’ என்று ஒற்றை வரி எழுதுவதை விட்டுவிட்டு, கணக்கீட்டில் சேர்க்காத சரிபார்ப்புப் புள்ளிகள் எத்தனை, அவை ஓரங்களிலும் நடுவிலும் மேட்டிலும் பள்ளத்திலும் எங்கெங்கே, சராசரிப் பிழை எவ்வளவு, சிதறல் எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். அந்தப் பட்டியல் இல்லாத அறிக்கை எந்தக் கருவியில் எடுத்ததாக இருந்தாலும் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.